மரக்கரண்டிக்குள் இரண்டு உருண்டைகள்

பத்து வருடங்களுக்குப் பிறகு, பெப்ரவரிக் கடைசியில், மகள் வேல்ஸிலிருந்து போன் எடுத்தாள்.

“அப்பா, அந்த மரக்கரண்டி வச்சிருக்கிறியளோ? பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவேணுமாம்.”

எந்தக் கரண்டி என்று நான் கேட்கவில்லை. லண்டன் ஹரோவில் இதே வீட்டுக்கு, அவளைக் கட்டித் தரும்படி கேட்டு வந்த வேல்ஸ் பையன் கொண்டுவந்தது அது. ஒரே மரத்துண்டில் தானே செதுக்கியிருந்தான். பிடியில் ஒரு சங்கிலி, அதன்கீழ் சிறு கூண்டு, கூண்டுக்குள் ஓடித்திரியும் இரண்டு உருண்டைகள். இது அவர்களுடைய வழக்கம் என்று மகள் சொல்லத் தொடங்கினாள். நான் சொல்ல விடவில்லை.

“எங்கட வீட்டில அகப்பை இல்லையெண்டு ஆர் சொன்னது இவருக்கு?” என்று தமிழில் கேட்டேன்.

அவன் விளங்காமல் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. அன்றே அவனோடு போய்விட்டாள். கரண்டி மேசையில் கிடந்தது. அடுத்த நாள் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். விழும்போது உருண்டைகள் கடகடத்தன. சிறிய இனங்களின் மொழியையும் வழக்கத்தையும் உலகம் மதிக்கவேண்டும் என்று தமிழ்ப் பள்ளி மேடைகளில் பேசிவந்தவன் நான்.

“பிள்ளை உங்களோட கதைக்கப் போறாளாம்,” என்று மகள் போனைக் கொடுத்தாள்.

நான் கண்டிராத பேத்தி. ஏழு வயது. ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல, ஆங்கிலத்தில், பொறுமையாகச் சொன்னாள். மார்ச் முதலாம் திகதி வேல்ஸ்காரரின் பெருநாள். அவள் உயரமான கறுப்புத் தொப்பி போடுவாள். ஆட்டிறைச்சியும், வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸும் போட்ட சூப் இருக்கும். உலர்ந்த திராட்சை போட்ட தட்டைக் கேக்குகளை அம்மா தோசைக்கல்லிலே சுடுவாள். கரண்டி, விரும்பியவளுக்குச் செதுக்கிக் கொடுப்பது. சங்கிலி என்றால் பிரியமாட்டோம் என்று அர்த்தம். உருண்டைகள் பிறக்கப்போகும் பிள்ளைகள்.

“எத்தனை உருண்டை, அம்மப்பா?”

“ரெண்டு.”

“அப்ப நானும் தம்பியும்.”

தம்பி ஒருவன் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

மகள் மறுபடி பேசினாள். “தபாலில அனுப்பாதேங்கோ, உடைஞ்சிடும். சனிக்கிழமை நாங்களே வந்து எடுக்கிறம்.”

ஓம் என்று மட்டும் சொல்லியிருந்தால் வாசல்வரையாவது வந்திருப்பார்கள்.

“அதை எறிஞ்சிட்டன், பிள்ளை. அடுத்த நாளே.”

கரண்டி கிடைத்ததா என்று பின்னால் சின்னவள் கேட்பது கேட்டது.

“சரி, அப்பா. அவர் வேற ஒண்டு செய்து குடுப்பார்.”

வருவதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அந்தச் சூப்புக்கென்று லீக்ஸ் வாங்கிவந்து, கழுவி, நறுக்கி வைத்தேன். பொழுதுபடும்வரை அடுப்பை மூட்டவில்லை.