அழித்த கடிதம்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'சர்வர் அக்கா'. சர்வர் கணினியில் இருக்கும் இருநூறு பேரின் கோப்புகளும் அவள் பொறுப்பு. பதினொரு வருஷத்தில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சேமிக்க நேரமாகிறது என்று ஆளாளுக்கு அவள் தலையை உருட்டியபோது ஒரு மாற்றம் செய்தாள். அதுவரை கோப்பின் எழுத்துகள் முதலில் அதன் சேமிப்பு வட்டில் பதியும். அவை எங்கே இருக்கின்றன என்ற அட்டவணைக் குறிப்பு அதற்குப் பிறகுதான். மாற்றத்துக்குப் பின் குறிப்பு எழுத்துகளுக்காகக் காத்திருக்கவில்லை. வேகம் கூடியது. மின்சாரம் போய் வந்தாலும் அட்டவணை குலையாமல் இரண்டே நிமிஷத்தில் எல்லாம் எழுந்துவிடும். ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. ஒரு கோப்பை அழித்தால் போவது குறிப்புதான். எழுத்துகள் வட்டிலேயே கிடக்கும். அந்த இடம் புதுக் கோப்புக்குப் போய், குறிப்பு பதிந்து, எழுத்துகள் பதிவதற்குள் மின்சாரம் போனால், யாரோ அழித்த பழைய எழுத்துகள் அந்தப் புதுக் கோப்புக்குள் தெரியும். அவளுக்கு இது தெரியும். எங்கே நடக்கப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஒரு புதன்கிழமை மதியம் மின்சாரம் போனது. பேட்டரியும் காலை வாரியது.

மறுநாள் ஒரு பிரிவின் மேலாளர் தன் கூட்டக் குறிப்பைத் திறந்தார். உள்ளே இருந்தது, அவர் தன்னிடம் நடந்துகொண்ட விதம் பற்றி அவர் பிரிவுப் பெண் ஒருத்தி எழுதி, அனுப்பப் பயந்து, அழித்துவிட்ட புகார்க் கடிதம்.

அந்தப் பெண் மாடியேறி வந்தாள்.

"நான் அழிச்சிட்டேன் அக்கா. அவர் கூப்பிட்டு வரி வரியா படிச்சுக் காட்டறார். எப்படி?"

அக்கா மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

"இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. ஆகாதுன்னு நெனச்சேன்."

கடிதம் அந்தப் பெண் எழுதியதுதான், ஜோடித்ததல்ல என்று இயக்குநருக்குத் தானே எழுதித் தருவதாக அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"நானே குடுக்கல. நீங்களும் குடுக்காதீங்க."

திங்கட்கிழமை அந்தப் பெண் வேலையை விட்டுப் போனாள். மேலாளர் அதே அறையில் இருக்கிறார்.

அக்கா அன்றே பழைய முறைக்கு மாறினாள். அழிக்கும் இடத்தையெல்லாம் துடைக்கவும் ஏற்பாடு செய்தாள். தவறு தன்னுடையது என்று, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல், இயக்குநருக்கு எழுதினாள். 'சரி' என்று பதில் வந்தது.

துடைப்பதற்கு முன் வட்டில் அந்தக் கடிதத்தின் முதல் வரி கண்ணில் பட்டிருந்தது: 'இதை எழுதலாமா என்று தெரியவில்லை.' அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கையில், பேருந்துக்கு நிற்கையில், அந்த வரி அந்தப் பெண்ணின் குரலிலேயே காதில் விழுகிறது.

இப்போதெல்லாம் மின்சாரம் போய் வந்தால், கடைசியாக எழுதப்பட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள்.