மாத்திரைக்குப் பேரம்

அமெரிக்காவில் வெண்டைக்காய்க்குப் பேரம் பேச முடியாது. நுனியை ஒடித்துப் பார்த்தாலே பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். ஒட்டியிருக்கும் விலைதான் விலை. அப்படிப்பட்ட நாட்டில் மருந்துக்கு மட்டும் பேரம் உண்டு என்பதைக் கண்டுபிடிக்க, அங்கே மாத்திரை வாங்க ஆரம்பித்த பிறகும் எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

சங்கரன்கோவிலில் நான் வளர்ந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். அம்மா கத்தரிக்காய்க்குப் பேசுவாள், பூவுக்குப் பேசுவாள், ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் வளையலுக்கு அரை மணி நேரம் பேசுவாள். மருந்துக் கடையில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். மருந்தை விலை குறைத்து வாங்கினால் நோய் திரும்ப வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. காசு பற்றவில்லை என்றால் அட்டையில் ரெண்டு மாத்திரை வெட்டித் தரச் சொல்லலாம், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. விலையைப் பற்றிப் பேசக் கூடாது, அவ்வளவுதான். இந்தச் சட்டத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் ஒஹாயோவுக்குப் போனேன்.

அங்கே போய் இரண்டாம் வருடம் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, நெஞ்சு சில நேரம் தாளம் தப்பி அடித்தது. டாக்டர் தினமும் சாப்பிட மாத்திரை எழுதினார். பார்மசியில் விலையைச் சொன்னதும் நெஞ்சு அங்கேயே இன்னொரு தடவை தாளம் தப்பியது. இன்ஷூரன்ஸ் தருகிற பங்கு போகத்தான் அவ்வளவு. கவுண்டரில் இருந்த பெண், "விலை குறைக்கிற கூப்பன் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கட்டுமா?" என்றாள். என் பழைய ஸ்வெட்டரைப் பார்த்து இரக்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "வேண்டாம், முழு விலையே தருகிறேன்" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். ஒவ்வொரு முறை போகும்போதும் அவள் கேட்பாள், நான் நிமிர்வேன். வீம்புக்கு விலை கொடுத்தது போதாதென்று, கணவருக்கு வேலை நேரத்தைக் குறைத்துச் சம்பளமும் குறைந்தபோது, அவரிடமும் சொல்லாமல் மாத்திரையை ஒன்று விட்டு ஒரு நாள் சாப்பிட ஆரம்பித்தேன். ஒருநாள் படியேறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். "இதில் மிச்சம் பிடித்தால் உயிர்தான் போகும்" என்று டாக்டர் பச்சையாகவே சொன்னார். பயந்து போனேன்.

அதற்கடுத்த வாரம் பார்மசி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர், கோட்டும் டையுமாக. விலையைக் கேட்டவர், "இது அதிகம். வேறு வழி இருக்கிறதா பாருங்கள்" என்றார், தக்காளி வாங்குகிற மாதிரி சாவகாசமாக. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். விலை பாதியாகிவிட்டது. என் முறை வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "நான்தான் ஒன்றரை வருடமாக உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேனே" என்று சிரித்தாள்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கடை கடையாகப் போன் போட்டேன். ஒரே மாத்திரை, கடைக்கு ஒரு விலை. கூப்பனுக்கு ஒரு விலை. ஒரு கடையில் இன்ஷூரன்ஸ் அட்டையைக் காட்டாமல் வாங்கினால் இன்னும் குறைவு. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதித் தரும்படி டாக்டரைக் கேட்டேன், மேலும் இறங்கியது. கடைசியில் முதலில் கொடுத்ததில் கால்வாசிதான். அன்றைக்குச் சமையலறையில் தனியாக நின்று ஆடினேன். பட்டம் வாங்கிய நாளில்கூட அத்தனை சந்தோஷம் இல்லை. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டேன், காலும் நெஞ்சும் ஒழுங்குக்கு வந்தன.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் கூடுதலாகத் தங்கிவிட்டேன். மாத்திரை தீர்ந்துபோனது. இங்கே ஒரு டாக்டரிடம் சீட்டு வாங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக வந்திருக்கும் மருந்துக் கடைக்குப் போனேன். ஒஹாயோ விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பழகிய நாக்கு சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, இதே மருந்து வேற கம்பெனில விலை குறைஞ்சு இருக்கா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எம்மா, கையில இருக்கதுக்கு வாங்கிக்கிடுங்க. ரெண்டு மாத்திரைன்னாலும் வெட்டித் தாரேன். வெக்கப்படாதிய." கத்தரிக்கோலைக் கையில் எடுத்தே விட்டார்.

எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. "காசு இருக்கு அண்ணாச்சி. முழுசா வேணும். விலை குறைஞ்சது இருக்கான்னுதான் கேக்கேன்."

அவர் அரை மனதாகக் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "இதுவும் அதே மருந்துதான். யாரும் கேக்க மாட்டாங்க, அதான் மேல வைக்கதில்ல. டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிக்கிடுங்க."

எனக்குப் பின்னால் நின்றவர் மெதுவாக முன்னே வந்தார். தறியிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. "அண்ணாச்சி, நம்ம வீட்ல சாப்பிடுத கால்சியத்துலயும் அப்படி இருக்கா?"

"ஏன்வே, எப்பவும் நாலு மாத்திரைதான வாங்குவீரு?"

"கட்டுப்படியாகலையே. அவளுக்குத் தைராய்டு ஆபரேசன் பண்ணினதுல இருந்து தினம் ரெண்டு வேளை குடுக்கணும். ஒண்ணு விட்டு ஒரு நாள்தான் குடுக்கேன். விரலு இழுக்குதுன்னு சொல்லுதா."

"அப்படிக் குடுக்காதிய அண்ணாச்சி. நானும் அப்படித் தின்னுதான் சாகக் கிடந்தேன்" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கடைக்காரர் அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்து, மறுபடியும் குனிந்தார். நாலு மாத்திரைக்கென்று கொண்டுவந்த காசில் முழு அட்டை கிடைத்தது. அதைச் சட்டைப்பையில் வைத்து, மேலே இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்றார்.

"இதே ஊருதான்."

"இருக்காது" என்று சிரித்தார். "இந்த ஊர்க்காரியா இருந்தா இப்படிக் கேட்டிருக்க மாட்டிய."

நாலு மாத்திரை கேட்கிற ஒருவர், விலையைக் கேட்கக் கூசி அதை நாள் தள்ளி ஓட்டுகிறார் என்பது இந்த ஊர்க்காரிக்குத்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.