எண்பதாயிரம் ரூபாய்க்குப் பெறுமதியோ?

விலை கூடிய போன் விற்கிறவனிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, உது உந்த விலைக்குப் பெறுமதியோ?" கேட்டுவிட்டு நம் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் மச்சானிடம் திரும்பி, "நீ என்ன சொல்லுறாய்?" என்பார்கள். அந்த மச்சானுக்குப் போனைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. கவுண்டருக்கு உள்பக்கம் நின்று காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சேலை விரித்துக் காட்டி மடித்து வைத்தவர்களே, நகைத் தட்டை நாளுக்கு நாற்பது தரம் இறக்கி ஏற்றியவர்களே, உங்கள் வயிற்றெரிச்சலும் என் வயிற்றெரிச்சலும் ஒன்றுதான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு போன் கடையில் வேலைக்கு நின்றேன். முதலாளி கொழும்பு முஸ்லிம். வாடிக்கையாளர் முதல் வாசலில் லொத்தர் சீட்டு விற்கிறவர் வரை எல்லாருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். நான் யாழ்ப்பாணத்தான். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை. காலையில் கடைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டை காட்ட வேண்டும். அப்படி வந்து சேர்ந்த ஒருநாள், கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் ஒரு புதுப் போன் உட்கார்ந்திருந்தது. எண்பதாயிரம் ரூபாய். படம் எடுக்கும், வீடியோ எடுக்கும், பாட்டுப் பாடும், வழி காட்டும். ஆறு வந்திருந்தன. ஆறையும் விற்றுத் தந்தால் சம்பளம் கூட்டுவதாக நானா சொன்னார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

பதினொரு நாள் பரிசோதனை

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர். பின்னேரம் ஐந்து மணிக்குக் குடையோடு வருவார், கொப்பி ஒன்றைத் திறந்து வைப்பார், விசாரணை தொடங்கும். பற்றரி எத்தனை மணித்தியாலம்? கீழே விழுந்தால் உடையுமோ? "முந்தநாள் நீர் சொன்னதும் இண்டைக்குச் சொல்லுறதும் ஒத்துவரேல்லையே" என்று நீதிமன்றத்தில் கேட்பது போலக் கேட்பார். போனைக் காதில் வைத்துப் பார்த்தார், கையில் பாரம் பார்த்தார், ஒருநாள் மோந்துகூடப் பார்த்தார். இப்படிப் பதினொரு நாள். இரண்டு நாள் என் காசில் பிளேன் ரீ வேறு.

பன்னிரண்டாம் நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். சரி, விஷயம் பலித்துவிட்டது என்று பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். கடைசியில் அவர் வாங்கிக்கொண்டு போனது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் போன். எண்பதாயிரத்தைத் தோற்கடித்தது அவர் கேட்ட கடைசிக் கேள்விதான்: "எல்லாம் சரி தம்பி, கரண்ட் போனா ரோச் லைற் அடிக்குமோ?"

அங்கே சும்மா

டொரொன்டோவிலிருந்து மருமகளின் கலியாணத்துக்கு வந்திருந்தார் ஒருவர். வாசலில் கால் வைக்கும்போதே, "அங்க உதைச் சும்மா தாறாங்கள்" என்று தொடங்கிவிட்டார். விலைச் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். டொலராக்கிப் பார்த்து இன்னொரு தரம் சிரித்தார். "உங்கட நானா சனத்தை உரிக்கிறார்" என்றார். கடைக்குள் அந்த நேரம் இரண்டு பேர் உண்மையாகவே வாங்குகிற யோசனையோடு நின்றார்கள். இந்த மனிதர் வாயை மூடுவதற்குள் இருவரும் நழுவிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உனக்கு வேண்டாம் என்றால் பேசாமல் போவதுதானே? அடுத்தவனின் ஆசையிலும் ஏன் மண் போடுகிறாய்? "சும்மா தாறாங்கள் எண்டா அண்ணை ஏன் ஒண்டைக் கையில கொண்டு வரேல்லை?" என்று நானாவுக்கும் கேட்கும்படி கேட்டேன். அவருடைய சிரிப்பு நின்றது. வீதிப் பக்கம் ஒருதரம் பார்த்தார், குரலைத் தணித்தார். "கொண்டு வரத்தான் வெளிக்கிட்டனான். எயார்போட்டில கண்டா, ஆருக்குக் குடுக்கக் கொண்டு போறாய் எண்டு கேப்பாங்களெண்டு மனிசி பறிச்சு வைச்சிட்டுது."

வீடு போய்ச் சேருகிற வழி

கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் மனேஜராகப் பதவி உயர்ந்த ஒருவர் வந்தார். கேள்வி இல்லை, பேரம் இல்லை. "எடுங்கோ" என்றார், காசை வைத்தார். இப்படி ஒருவரைக் கண்டால் கடைக்காரனுக்குக் கை கூப்பத் தோன்றும். பெட்டியைக் கட்டப் போனபோதுதான் சொன்னார்: "கமராவைக் கழட்டிப்போட்டுத் தாங்கோ."

பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. கமரா உள்ள போனோடு ஒரு தமிழன் சென்ட்ரிச் சோதனையில் பிடிபட்டால் என்னென்ன கேட்பார்கள் என்று அவர் அனுபவப்பட்டுச் சொன்னார். முதல் வைத்திருந்த போனில் மகளின் பிறந்தநாள் படங்கள் மட்டுமாம். அதற்கே ஒரு மத்தியானம் முழுக்க வெயிலில் நிறுத்தி, ஒவ்வொரு படமாகக் காட்டி, இது யார், இந்த வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "உங்கட கந்தோரில மற்ற மனேஜர்மார் கமராவோடதானே கொண்டு திரியினம்?" என்றேன். "அவைக்குப் பேர் வேற" என்றார்.

பின் மேசையில் போன் திருத்துகிற சிங்கள அண்ணன் சுனில் அய்யே, புத்தம் புதுப் போனின் வயிற்றைக் கிழிக்க மனமில்லாமல் அதை இரண்டு தரம் துடைத்து வைத்தார். பிறகு திறந்து கமராவைக் கழற்றி, அந்த ஓட்டையில் கறுப்புத் துண்டொன்றை ஒட்டினார். அதோடு வரண்டியும் போயிற்று. எனக்கு யாரிடம் கோபிப்பது என்று தெரியவில்லை. அதனால் அவரிடமே கோபித்தேன். "இந்தப் போனுக்குப் பாதி விலை கமராவுக்குத்தானே ஐயா, அதை இப்பிடி வீசலாமோ?" என்று கேட்டேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அந்தப் பாதி விலையைக் குடுத்தாத்தான் தம்பி நான் பின்னேரம் வீட்டை போய்ச் சேருவன்."

தூரத்துக்கு இழுக்கிற போன்

யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை பூட்டியிருந்தது. அங்கே கைத்தொலைபேசிகளையும் வேலை செய்யாமல் நிறுத்தியிருந்தார்கள். அந்த நாட்களில் ஒருவர் வந்தார். கண் வைத்தியத்துக்குக் கொழும்பு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். கையில் பழைய போன் ஒன்று. அதை என் முன்னால் வைத்து, "உது விசர்ச் சாமான், லைன் எடுக்குதில்லை. கடையில உள்ளதில விலை கூடினதைத் தாங்கோ" என்றார். அவருடைய மோதிர விரலில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. மோதிரம் இல்லை.

போனில் பிழை இல்லை, அங்கே தொடர்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எந்தப் போனிலும் லைன் கிடைக்காது என்று சொன்னேன். நம்பவில்லை. "விலை கூடினது தூரத்துக்கு இழுக்கும்தானே?" என்றார். இழுக்காது என்றேன். "என்னட்டைக் காசில்லை எண்டு நினைக்கிறீரோ?" என்று சத்தம் போட்டார். மூன்றாம் தரமும் இல்லை என்றபோது, பழைய போனை எடுத்துக்கொண்டு என்னைத் திட்டியபடி இறங்கிப் போனார். எண்பதாயிரத்தை எண்ணி வாங்கியிருந்தால் அவர் என்னை வாழ்த்திக்கொண்டு போயிருப்பார். யாரோ ஒரு பொத்தானை அமத்தி ஒரு ஊரையே ஊமையாக்கி வைத்திருக்க, வாங்கிக் கட்டிக்கொள்கிறது கவுண்டரில் நிற்கிற நான். இத்தனையையும் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நானா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க போன் விக்கவா வந்தீங்க, உண்ம செல்லவா வந்தீங்க?"

நாலு அடி

சுகந்தி என்ற பெண் அதற்குப் பிறகுதான் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் பதினொரு மாதக் குழந்தை. கணவன் சுவிஸில், அகதி வழக்கு முடியாததால் திரும்பி வர முடியாது. குழந்தை பிறந்தபோதும் அவன் இங்கே இல்லை. ஸ்டூடியோவில் எடுத்த படங்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறான். இப்போது பிள்ளை கதிரையைப் பிடித்து எழும்பி நிற்கிறதாம். அது முதல் முதல் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவன் காசு அனுப்பியிருக்கிறான். இதற்கு எண்பதாயிரம் ரூபாய்ப் போன் எதற்கு, நெட் கஃபேயில் கமரா இருக்கிறதே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க தூக்கிக்கொண்டு போய், இப்ப நட எண்டா நடக்குமோ அண்ணா? அது நினைக்கிற நேரம் நடக்கும். அந்த நேரம் கையில இருக்கவேணும்."

பிறகு அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். நான் யோசிக்கவில்லை. "பெறுமதிதான் தங்கச்சி" என்றேன். அந்தக் கடையில் நின்ற காலத்தில் மனசாரச் சொன்னது அந்த ஒருதரம்தான். றோட்டில் எடுக்காதே, அறைக்குள் மட்டும் எடு என்றும் சொல்லி அனுப்பினேன்.

அறைக்குள் எடு என்று பெரியவர்களுக்குச் சொல்லலாம். பிள்ளைக்கு யார் சொல்வது? மூன்று கிழமை கழித்து ஒரு பின்னேரம் அறை வெக்கை தாங்காமல் கடற்கரைக்குக் கொண்டு போயிருக்கிறாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மணலில், அது எழும்பி நடந்துவிட்டது. அவள் எடுத்துவிட்டாள். எடுத்து முடியும்போது பின்னால் பொலிஸ் நின்றது. நிலையத்தில் அவள் காட்டிய பில்லில் எங்கள் கடைப் பெயர் இருந்ததால் அவர்கள் கடைக்குப் போன் எடுத்தார்கள். நான் வெளிக்கிட்டேன். நானா கல்லாவைப் பூட்டிவிட்டுச் செருப்பைப் போட்டார். "நீங்க தனிய போனா நான் பொறகு ரெண்டு பேர மீட்க வரணும்" என்றார்.

சுகந்தி வாங்குப் பலகையில் இருந்தாள். பிள்ளை அவள் மடியில் மண்ணோடு உறங்கிவிட்டது. பொறுப்பதிகாரி கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நானா சிங்களத்தில் விளக்கினார், பில்லின் பிரதியைக் கொடுத்தார், அவர் தலையாட்டினார். பிறகு வீடியோவை எங்களுக்கும் போட்டுக் காட்டினார். பிள்ளை நாலு அடி வைக்கிறது. ஐந்தாவதில் மணலில் குந்திவிடுகிறது. சுகந்தி சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அந்தச் சிரிப்பில் கை ஆடி, ஓரத்தில் மண்மூட்டை அடுக்கிய காவல்கொட்டில் ஒன்று இமைக்கிற நேரம் தெரிகிறது. அவ்வளவுதான் குற்றம். அதிகாரி இன்னொரு பொலிஸ்காரரையும் கூப்பிட்டு, "பார், பார், எப்பிடி நடக்குது" என்று இரண்டாம் தரமும் போட்டார். இருவரும் ரசித்தார்கள். பிறகு, அவளை விடலாம், வீடியோவை விட முடியாது என்றார்.

அழிக்கிற இடம் அவருக்குப் பிடிபடவில்லை. அங்கே இங்கே தட்டிப் பார்த்துவிட்டுப் போனை என் பக்கம் தள்ளி, தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டார். "நீதானே வித்தாய் மல்லி, நீயே அழி." அவள் அதை இன்னும் சுவிஸுக்கு அனுப்பவில்லை, அடுத்த நாள் நெட் கஃபேக்குப் போக இருந்தாள் என்று எனக்கு இருக்கிற சிங்களத்தில் கெஞ்சினேன். ஓரத்தை மட்டும் வெட்டலாமா என்று கேட்டேன். நானாவும் கேட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நூறு பேருக்குத் திறந்து காட்டிய போன். கண்ணை மூடிக்கொண்டும் எனக்கு இடம் தெரியும். நிச்சயமா என்று போன் திருப்பிக் கேட்டது. சுகந்தி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்பதை அமத்தினேன். அவள் சத்தம் இல்லாமல் அழுதாள். ஒரு தகப்பன் காத்திருந்த நாலு அடியை அழித்தவன் நான். என் மேலும் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அதிகாரி எழும்பி வந்து, உறங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, தன் தங்கைக்குச் சொல்வது போல நல்ல மனதோடு ஆறுதல் சொன்னார்: "அழாதே நங்கி, பிள்ளை நாளைக்கும் நடக்கும்தானே?"

அதன் பிறகும் அந்தக் கடையில் ஒன்றரை வருஷம் நின்றேன். பெறுமதியோ என்று கேட்டவர்களுக்கெல்லாம் விலையை மட்டும் சொன்னேன்.