மணிப்பூர்க்காரி மூட்டிய அடுப்பு

மணிப்பூரிலிருந்து அந்தக் குடும்பம் எங்கள் ஏலத்தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்தபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான். குளிர் தாங்குவார்களா, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தபடியே பிஞ்சு ஏலக்காயையும் சேர்த்துப் பறித்து, கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கவலைப்பட மட்டும் யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த வீட்டுக்காரன் முன்பே இங்கே வண்டன்மேட்டில் எங்களோடு வேலை பார்த்தவன்; தமிழும் மலையாளமும் கலந்து அரைகுறையாகப் பேசுவான். ஊரில் துப்பாக்கிச் சண்டை மூண்டதும் அங்கே ஓடினான். போய்ப் பார்த்தால் வீடு எரிந்து கிடந்தது, அம்மாவைச் சுட்டுவிட்டார்கள். மாதக்கணக்கில் முகாமில் கிடந்துவிட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அம்மா செத்ததை வந்த அன்றுதான் சொன்னான். எங்களுக்கு, சாவுச் செய்தி என்றைக்குக் காதில் விழுகிறதோ அன்றைக்குத்தான் துக்கம் தொடங்கும். கருமாதி முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுபோக வேண்டும். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் கஞ்சி, ஒரு வீட்டில் புளிக்குழம்பு என்று முறைவைத்துக் கொடுத்தோம்.

ஒருநாள் அவன் மனைவி சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு மதினி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ உக்காரு தாயி, நாங்க இருக்கோம்ல?" என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. வெறுங்கையோடு நின்றாள்.

மறுநாள் காய் எடைபோடும் இடத்தில்தான் கேள்விப்பட்டேன், அவர்கள் எர்ணாகுளம் கிளம்புகிறார்கள் என்று. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசலில் பை கட்டித் தயாராக இருந்தது.

"எங்க போறீக?"

"சேச்சி, அடுப்பு வைக்கக்கூடாதுன்னா பின்னே இது வீடா?" என்றான் அவன். "கேம்ப்ல தட்டு பிடிச்சு நின்னு. இங்கயும் தட்டு. நம்மள இவங்களுக்கு வேண்டாம், அதான் தீ மூட்ட விடலன்னு இவ சொல்லுது."

எர்ணாகுளத்தில் பிள்ளைகள் எங்கே படுக்கும் என்று மனசு அதுபாட்டுக்கு ஓடியது. பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"இத நான் தரமாட்டேன்."

பின்னாலேயே மதினி வந்து சேர்ந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "கருமாதி முடியாம எப்படிடி..." என்று இழுத்தாள்.

"அது நம்ம முறை மதினி. அவுகளுக்கு அடுப்பு வேணும்."

"குத்தமாயிட்டா?"

"என் தலையில விடியட்டும்."

பையை மட்டும் இறக்கவில்லை. அவனிடம் எங்கள் வழக்கத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவன் அதை மனைவியிடம் அவர்கள் பாஷையில் சொன்னான். அவள் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதினி விருட்டென்று போனாள். வரும்போது தலையில் விறகு, கையில் பானை. "பானைய நசுக்காம தரச் சொல்லு" என்று முறைத்தபடி இறக்கினாள்.

அந்தப் பெண் தீயை ஊதி மூட்டினாள். பிறகு என்னிடம் வந்து, இடுப்பில் இருந்த பையைத் திறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்தாள். புளிக்கவைத்த மீன்.

"ஏ ஆத்தி! நம்ம கருவாடு இதுகிட்டப் பிச்சை வாங்கணும்டி" என்று மதினி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அந்தப் பெண் சிரித்தாள்.

அப்போதுதான் பையைக் கீழே வைத்தேன்.

அவர்கள் போகவில்லை. மழை பிடித்தால் அவள் அடுப்புக்குக் காய்ந்த விறகு கிடைக்காதே என்பது இப்போது என் கவலை. வேலை விட்டு வரும்போது ஒரு கட்டு கூடுதலாகச் சுமந்து வருகிறேன்.