இரண்டு பொத்தானுக்கும் ஒரே மணி

எண்பதுகளில் ஊர்காவற்றுறையில் ரேடியோ திருத்துகிற பெண் நான் ஒருத்திதான். அதற்காக என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் ரேடியோக்களையும் நான்தான் திருத்தினேன். கடற்றொழிலாளர் சங்கத் தேர்தலுக்கு வோட்டுப் போடுகிற மின்பெட்டி ஒன்று செய்யப்போகிறேன் என்றபோதும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சங்கத் தலைவர் ஒரு சம்மாட்டி. ஊரில் பாதி வள்ளங்கள் அவருடையவை. வருடாவருடம் கையை உயர்த்தச் சொல்லி அவரையே தெரிவு செய்வார்கள். அவருடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன் அவர் முகத்துக்கு நேரே கையைக் கீழே வைத்திருப்பானா? ஒருமுறை வாக்குத்துண்டில் புள்ளடிக் குறி போட வைத்துப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் வாழ்நாளில் போட்டுப் பழகிய குறி ஒன்றுதான்: வலை மாறிப்போகாதிருக்க மிதப்புக்கட்டையில் அவரவர் செதுக்குகிற சொந்தக் குறி. பாதிப்பேர் பழக்கதோஷத்தில் துண்டிலும் அதையே போட்டுவிட்டார்கள். துண்டுகளை எண்ணிய சம்மாட்டிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. தனக்கு எதிராகப் போட்ட என் அண்ணனை வள்ளத்தால் இறக்கிவிட்டார். மூன்று மாதம் கழித்துத்தான் திரும்ப ஏற்றினார்; அதுவரை அண்ணனின் பிள்ளைகள் என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

அடுத்த தேர்தலில் சம்மாட்டிக்கு எதிராக, கிழிந்த வலை பொத்துகிற ஒருவர் நின்றார். மாதாகோயில் மண்டபத்தில் பெட்டி வைக்கப் பங்குச்சுவாமியார் சம்மதித்தார். பழைய தேயிலைப்பெட்டி ஒன்றுக்குள் இரண்டு கல்குலேற்றர்களை வைத்தேன். ஒன்றைக் கூட்டச் சொல்லிவிட்டு சமன் குறியை அழுத்த அழுத்த, எண் ஒவ்வொன்றாக ஏறும். அந்தச் சமன் குறியிலிருந்து வயர் இழுத்து வெளியே, போட்டியிடுகிற இருவருக்கும் ஆளுக்கொரு பொத்தான் பூட்டினேன். பொத்தானின் தகடுகளைப் பால்மா ரின் தகரத்தில் வெட்டினேன்.

கோயில் மண்டபத்தில் பரீட்சித்துப் பார்த்தோம். சம்மாட்டி வெளியே யன்னலோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் மறைப்புக்குள் போய் ஒரு பொத்தானை அமத்தினார்.

"பிள்ளை, உன்ரை பெட்டி நல்லாய்க் கதைக்குது. இப்ப அமத்தினது வலக்கைப் பக்கம்," என்றார் சம்மாட்டி.

சரியாகத்தான் சொன்னார். ஒரு தகடு 'டிக்' என்றது, மற்றது 'டொக்' என்றது. அண்ணனின் முகம் வெளிறிப் போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதலில் சைக்கிள் ரியூப்பை வெட்டித் தகட்டுக்குக் கீழே வைத்தேன். சத்தம் நின்றது. ஆனால் கயிறு இழுத்துக் காய்த்த கைகளுக்குப் பொத்தான் இறங்கியது தெரியவில்லை. அண்ணன் பெருவிரலால் அழுத்திய அழுத்தில் தகடே வளைந்துபோனது. "எனக்கு ஏலாது, இதை விடு," என்றார். "நான் விடமாட்டன்," என்றேன்.

பிறகுதான் புத்தி வந்தது. சத்தத்தை ஏன் ஒளிக்க வேண்டும்? ரியூப்பைக் கழற்றி எறிந்தேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே இன்னொரு சோடித் தகடு வைத்து, இரண்டையும் ஒரே அழைப்பு மணிக்குக் கொடுத்தேன். ரோச்லைற் பற்றறியில் அது ஊருக்கே கேட்க அடித்தது. எதை அமத்தினாலும் அதே மணிதான். அந்த இரைச்சலில் டிக்கும் இல்லை, டொக்கும் இல்லை. இரண்டாம் தரம் அமத்தினால் எல்லோருக்கும் கேட்கும் என்பதால் கள்ள வோட்டுக்கும் அதுவே பூட்டாயிற்று.

தேர்தலன்று சம்மாட்டி அதே யன்னலோரம் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மணிக்கும் காதைச் சரித்தார். அண்ணன் வெளியே வந்தபோது பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார்.

"எதையடா அமத்தினனீ?"

"உங்கடை காதுக்குத் தெரியாததோ, சம்மாட்டியார்?"

அண்ணன் அவரோடு அப்படிக் கதைத்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை.

பின்னேரம் சுவாமியார் பெட்டியைத் திறந்து இரண்டு எண்களையும் வாசித்தார். சம்மாட்டி நன்றாகத் தோற்றிருந்தார். எழுந்து வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். வயர்களை விலக்கியும் பார்த்தார்.

"ஆர் ஆர் எனக்குப் போடேல்லை எண்டு இதிலை எங்கை கிடக்கு?"

"அதுக்கு நான் இடம் வைக்கேல்லை," என்றேன்.

மறுநாள் விடிய அண்ணன் அவருடைய வள்ளத்திலேயே தொழிலுக்குப் போனார். இறக்குவதென்றால் சம்மாட்டி எல்லோரையும்தான் இறக்க வேண்டியிருந்திருக்கும்.