திறந்த வெளியில் ஒரு வெள்ளை விரிப்பு

2025 மார்ச் பதினாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடத்துக்கு இது தொடங்கியது. அப்போதுதான், நானும் வீட்டில் இருந்தபோது, அண்ணனின் அழைப்பு வந்தது.

அண்ணன் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரான கதிரவெளியை விட்டுப் போனவர். போன நாட்டில் குடியுரிமை பெற்று, அந்த நாட்டின் தரைப்படையில் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்தார். எங்கள் வீட்டில் படை என்ற சொல் புழங்குவதில்லை. யார் கேட்டாலும், மகன் கொம்பனியில் வேலை என்பதே அம்மாவின் விடை. அன்று அண்ணன் தனக்கு இடமாற்றம் வந்திருப்பதாகச் சொன்னார். விண்வெளி நடவடிக்கைகளுக்கான கூட்டுக் கட்டளையகம். முப்படையினரும் ஒரே கூரையின்கீழ் இருந்து, வானத்துக்கு அப்பால் சுற்றுவனவற்றைக் கண்காணிக்கும் இடம். உள்ளே கைத்தொலைபேசி கொண்டுபோக முடியாது, வேலை நேரமும் மாறி மாறி வரும், இனி மாதம் ஒரு முறை பேசுவதே அரிது என்றார்.

அம்மா ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"மேலால பாத்தா நம்மட வளவு தெரியுமா, மனே?"

அண்ணன் சிரித்தார். "தெரியும்மா."

வேலைக்குப் புறப்படுகிற அவசரத்தில் சொன்னது. அதற்குப் பிறகு அவர் அதை நினைத்தும் பார்த்திருக்கமாட்டார்.

நான் பல்கலைக்கழகத்துக்கு அருகில், வாவிக் கரையோரம் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். இறுதிப் பரீட்சை முடியும்வரை அம்மா என்னுடன் வந்திருப்பதாக ஏற்பாடு. அந்த அறையில் என் குரலை நானே கேளாமல் கழியும் நாட்கள் உண்டு. இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை; தனியாகப் படிப்பது கடினமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவருக்காக ஒரு பாய் வாங்கிச் சுவரோடு சாத்தி வைத்திருந்தேன்.

மாத இறுதியில், ஒரு சனிக்கிழமை, அவரைக் கூட்டிவரப் போனேன். வீட்டைச் சுற்றியுள்ள வளவின் நடுவில், நிழலே இல்லாத இடத்தில், கொடியில் ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு இது ஒரு செய்தியாகத் தோன்றாது. போர்க்காலத்தில், ஆளில்லாத வேவு விமானம் (அதை எல்லோரும் வண்டு என்றார்கள்) இரைந்துகொண்டு வரும்போது வெள்ளைத் துணி வெளியில் கிடக்கக்கூடாது. மேலிருந்து முதலில் கண்ணில் படுவது வெள்ளை. போர் முடிந்த பின்னும் அம்மாவின் கை அதை மறக்கவில்லை. என் பள்ளிச் சீருடைகள் பதின்மூன்று ஆண்டுகளும் அடுப்படியிலேயே காய்ந்தன. வகுப்பில் புகை மணக்கும் வெள்ளைச் சட்டை என்னுடையது மட்டுமே.

அடுத்த வீட்டு மாமி வேலியோரம் நின்று கேட்டார். "என்ன கா, மகன் வானத்தால வந்து இறங்கவோ விரிச்சு வெச்சிரிக்காய்?"

"இறங்கினா ஒனக்கும் ஒரு வாய் சோறு தாறன், போ," என்றார் அம்மா.

பிறகு என்னிடம், தான் வரவில்லை என்றார். காரணத்தை மீனை அரிந்தபடியே சொன்னார்.

"ஒரு நாள் விரிப்பக் காணாட்டி, அம்மாவுக்கு என்னவோ எண்டு அவன் பயந்திருவான், புள்ள."

அண்ணனுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். பதில் மாலையில் வந்தது. அவர்கள் கீழே பார்ப்பதே இல்லை. விண்ணில் சுற்றும் செய்மதிகளும் உடைந்த துண்டுகளும் ஒன்றோடொன்று மோதிவிடாமல் கணக்கிட்டுச் சொல்வதே அங்கு வேலை; அவர் பார்ப்பது திரையில் ஓடும் எண்களை. கடைசி வரி இப்படி இருந்தது: "அம்மாவுக்கு நீ சொல்லு. எனக்கு ஏலாது."

அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினால் போதும். அம்மா விரிப்பை மடித்துவிட்டு என்னுடன் வந்துவிடுவார். கைத்தொலைபேசியோடு அடுப்படி வாசல்வரை போனேன்.

அம்மா வளவின் நடுவில் முக்காலி போட்டு இருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, முற்றத்தில் எந்த வேலை செய்தாலும் வண்டு வருகிறதா என்பதுபோல் இடையிடையே தலையை உயர்த்தி வானத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். தான் பார்ப்பது அவருக்கே தெரியாது. அன்று அரிசி புடைத்து முடியும்வரை அவர் ஒரு முறையும் நிமிரவில்லை.

நான் உள்ளே திரும்பிவந்து என் பையை அடுக்கினேன்.

மறுநாள் காலை அம்மா விரிப்பை மீண்டும் தோய்த்திருந்தார். முழு விரிப்பை ஒருவர் தனியாகப் பிழிய முடியாது. இத்தனை நாளும் நீர் சொட்டச் சொட்டத்தான் போட்டிருக்கிறார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். எதிரெதிராக முறுக்கி, உதறி, சுருக்கம் இல்லாமல் கொடியில் போட்டோம். பிறகு பஸ் ஏறினேன். பனிச்சங்கேணிப் பாலம் தாண்டியதும் அண்ணனுக்கு எழுதினேன்: "சொல்லல்ல. நீங்களும் சொல்லவேணாம்."