சூடு ஆறாத விரல்

வால்தெனீசிக்கு நல்ல கை. பத்தொன்பது வருஷம் அடையாள அட்டை அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்துக் கவுன்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். பிரேசிலின் பெர்னாம்புகோ மாநிலத்தில், கரும்பு வெட்டிப் பிழைக்கிற எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கையெழுத்து வராது. அவர்கள் கட்டைவிரலில் மை தடவி ஒரே உருட்டில் தாளில் பதிப்பாள். ஒரு கோடு கலங்காது. நான் பதித்தால் நசுங்கின கொய்யா மாதிரி இருக்கும். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் அந்தச் சட்டம் வந்தது. செத்தால் உன் ஈரலும் கண்ணும் இன்னொருவருக்கு. வேண்டாம் என்றால் இப்போதே அட்டையில் ‘கொடையாளர் அல்ல’ என்று முத்திரை வாங்கிக்கொள். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் உயிரோடிருக்கும்போது காய்ச்சல் மாத்திரைக்கே நாலு நாள் அலையவிடுகிறவர்கள், செத்த பிறகு தேடி வருவார்கள் என்றால் எந்த ஏழை நம்புவான்? வரிசை தெருமுனையைத் தாண்டியது. மூச்சு நிற்பதற்குள் அறுக்கிறார்களாம், வெள்ளை வேனில் ஐஸ் பெட்டியோடு சுற்றுகிறார்களாம். ஊர் வாயை மூட முடியுமா?

ஒரு கிழவர் கவுன்டர் முன்னால் சட்டையைத் திறந்தார். பெண்ணைத் தோனா, ஆணைச் சேவு என்பது எங்கள் ஊர் மரியாதை.

“தோனா, அட்டை தொலைஞ்சு போகும். நெஞ்சுல ஒண்ணு குத்திவிடுங்க.”

“வேர்வையில அழிஞ்சுரும் பெரியவரே.”

“அப்ப ரெண்டு குத்துங்க.”

குத்தினாள். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

அலுவலக வாசலில் மரவள்ளி அடை விற்கும் கித்தேரியா முதல் நாளே முத்திரை வாங்கிக்கொண்டாள். லாரியில் கரும்பு ஏற்றும் அவள் புருஷன் ஜெனிவால்டோ மட்டும் வர மாட்டேன் என்றான். “சாராயத்துல ஊறுன ஈரலை எடுக்கறவன்தான் பாவம். ஆளை விடு.”

பிப்ரவரியில் லாரி கவிழ்ந்து அவன் மண்டை உடைந்தது. மூன்றாம் நாள் மதியம் கித்தேரியா அடைக் கூடை இல்லாமல், கையில் அவன் அட்டையோடு ஓடிவந்தாள்.

“மூளை செத்துருச்சாம் தோனா. ஆனா நெஞ்சு ஏறி எறங்குது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவாங்க. அவரை முழுசாப் புதைக்கணும். கண்ணு இல்லாம, செத்தவங்க எல்லாரும் எழுந்திரிக்கற நாள்ல என்னை எப்படித் தேடுவாரு?”

அட்டைக்காரர் தானே வந்து ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. வால்தெனீசி கவுன்டரை மூடினாள்.

“விரல்ல சூடு இருக்கா?”

“இருக்கு.”

மைப் பெட்டியையும் முத்திரையையும் பைக்குள் போட்டாள். “பைத்தியமா உனக்கு? வேலை போயிரும்,” என்றேன்.

“செத்தவன் விரல்ல சூடு இருக்காது ஆர்லிந்து. சூடு இருக்கற வரைக்கும் அது அவன் வார்த்தை.”

என்றாலும் நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் தெரிந்த நர்ஸ் ஒருத்தி, ஒரே ஆள், இரண்டே நிமிஷம் என்றாள். அழுது தீர்க்கிறாள் என்று கித்தேரியாவை விடவில்லை. நான் அவளோடு வெளியே நின்றேன். இரண்டு நிமிஷம் பத்து நிமிஷமானது. வால்தெனீசி வெளியே வந்தபோது தாளில் ரேகை கலங்கிக் கிடந்தது. அந்த வெயிலில் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

“குடுத்தாரா?” என்றாள் கித்தேரியா.

“குடுத்தாரு.”

அட்டையில் போன வாரத் தேதியிட்டு முத்திரை விழுந்தது. டாக்டர் அட்டையைப் பார்த்தார், தலையாட்டினார். சாயங்காலம் மூச்சு மெஷினை நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை வீட்டில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டே அவன் சட்டையை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கித்தேரியா பொத்தானைக் கழற்றி நெஞ்சையும் வயிற்றையும் காட்டினாள். “பாத்துக்குங்க. ஒரு கீறல் இல்ல.” அழுகைக்கு நடுவில் அவளுக்கு அது பெருமை.

வால்தெனீசி பூ வைக்கக் குனிந்தாள். சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டின் உட்புறம் கறுப்பாய் ஒரு கட்டைவிரல் ரேகை. அத்தனை கோடும் துல்லியமாய்.

கித்தேரியா அந்தக் கையைப் பிடித்தாள். “இது யாருது?”

வந்தவர்கள் பெட்டியைச் சுற்றி நெருங்கினார்கள்.

“மை தடவினதும் புடிச்சுக்கிட்டாரு. விடல. ஒவ்வொரு விரலாப் பிரிச்சுத்தான் தாள்ல வச்சேன்,” என்றாள் வால்தெனீசி. “வெறும் நரம்பு இழுக்கறதாம். உயிர் இல்லைன்னு நர்ஸ் சொன்னா.”

“சூடு இருந்தா அவர் வார்த்தைன்னீங்களே தோனா.” கித்தேரியாவின் குரல் ஏறவேயில்லை. “அப்ப உங்களைப் புடிச்சது யாரு?”

பெட்டியை மூடும்வரை கித்தேரியா அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டேயிருந்தாள். நாலு பேர் சேர்ந்துதான் விலக்கினோம்.

பிறகு ஒருநாள் அந்த டாக்டரைக் கடைத்தெருவில் பார்த்தேன். சட்டம் என்ன சொன்னாலும் குடும்பத்தைக் கேட்காமல் அவர் யாரையும் தொட்டதில்லையாம். “அந்தம்மா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே,” என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வருஷம் முடிவதற்குள் சட்டமே மாறிவிட்டது. வால்தெனீசியிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்குள் அவள் ரேகை எடுப்பதை விட்டு, கோப்பு அறைக்கு மாற்றல் கேட்டுப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை எங்களுக்கு ஆத்மாக்களின் நாள். கித்தேரியா கல்லறைக்கு மெழுகுவத்தி எடுத்துப் போவாள். வால்தெனீசியும் கூடப் போக ஆரம்பித்தாள். இருவரும் மண்ணில் காதை வைத்துப் படுத்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. நன்றாகத் திட்டிவிட்டு வரலாம் என்று ஒரு திங்கட்கிழமை நானும் போனேன். அப்படித்தான் படுத்திருந்தார்கள்.

கித்தேரியா நகர்ந்து இடம் விட்டாள். “நீங்களும் கேளுங்க சேவு ஆர்லிந்து. கேட்டுட்டுத் திட்டுங்க.”

குனிந்தேன். ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.